ஆறாத காலும் அறிவித்த நாளும்

மனிதன் தன் உடலை எவ்வளவு வருத்தலாம் என்னும் வினா நம்மவர்க்குப் புதியதன்று. உண்ணாநோன்பும், ஒருபொழுது உணவும், வெறுங்காலுடன் மலையேறி வணங்குதலும் கண்டு வளர்ந்தவர்கள் நாம். எனினும் அவ்வினாவை இன்று எடுத்துக்கொள்வது நோன்பின் பொருட்டன்று. ஒரு விளையாட்டின் பொருட்டேயாகும். விளையாட்டிற்கும் நம் இதழுக்கும் என்ன தொடர்பு என மூத்த வாசகர்கள் வினவக்கூடும். நாள் முழுவதும் அலுவலக நாற்காலியில் அமர்ந்திருக்கும் நம் வீட்டு மக்களும் மருமக்களும் இன்று விடியுமுன் எழுந்து சாலையில் ஓடுகின்றனர். விடுமுறை நாளில் நூறு கிலோமீட்டர் மிதிவண்டி மிதிக்கின்றனர். பல ஆயிரம் ரூபாய் கட்டிப் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கின்றனர். அவர்கள் அடிபட்டு வந்து படுத்திருக்கும்போது பெரியவர்களாகிய நாம் சொல்வது பெரும்பாலும் ஒன்றே: "இதெல்லாம் தேவையா?" அச்சொல்லால் எவரும் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஆதலின் சற்று நிதானித்து எண்ணிப் பார்ப்போம்.

டிரையத்லான் என்பது நீந்துதல், மிதிவண்டி ஓட்டுதல், ஓடுதல் ஆகிய மூன்றையும் ஒருவரே இடையீடின்றி அடுத்தடுத்துச் செய்து முடிக்கும் போட்டி. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துச் சான் டியாகோ நகரில் 1974 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இப்பெயரில் ஒரு போட்டி நடந்தது; இன்றைய டிரையத்லானின் தொடக்கம் அதுவே என்பர். 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இது முதன்முறையாக இடம்பெற்றது. ஒலிம்பிக்கில் நீச்சல் 1.5 கி.மீ., மிதிவண்டி 40 கி.மீ., ஓட்டம் 10 கி.மீ. இதனினும் பன்மடங்கு கடுமையானது 'அயர்ன்மேன்' எனப்படும் நெடும்போட்டி. ஜான் காலின்ஸ் என்னும் கடற்படை அதிகாரியும் அவர் துணைவியாரும் முன்னின்று 1978 பிப்ரவரி 18 அன்று ஹவாயில் இதனை நடத்தினர். கடலில் 3.8 கி.மீ. நீந்தி, 180 கி.மீ. மிதிவண்டி ஓட்டி, அதன்பின் 42.2 கி.மீ. ஓட வேண்டும். 15 பேர் புறப்பட்டனர். 12 பேர் முடித்தனர். முதலில் வந்தவர்க்கு 11 மணி 46 நிமிடம் 58 வினாடி ஆயிற்று. இரண்டாவதாக வந்தவர்க்கு வழியில் தண்ணீர் தீர்ந்துபோக, உடன் வந்த துணைவர்கள் பீரைக் குடிக்கக் கொடுத்தார்களாம்! அன்றைய ஆயத்தம் அவ்வளவே.

நம் வினா இதுதான். ஒருவர் இத்தகைய போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டார். பயிற்சி பாதியில் நின்றுவிட்டது. இடையில் காலிலோ முதுகிலோ அடிபட்டு, அதுவும் முழுமையாக ஆறவில்லை. நாள் வந்துவிட்டது. அவர் போட்டியில் இறங்கலாமா? இறங்கினால் அது உறுதியா, உடலுக்கு இழைக்கும் கொடுமையா?

ஊரார் இதற்கு இருவகையில் விடையிறுப்பர். இறங்கி முடித்துவிட்டால் "என்ன மனவலிமை!" என்பர், விழுந்துவிட்டால் "என்ன மடமை!" என்பர். செயல் ஒன்றே, முடிவைக் கண்டபின் பெயர் மட்டும் மாறுகிறது. இவ்வாறு விளைவைப் பார்த்து அறத்தைத் தீர்மானிப்பது நேரிய முறையாகாது. புறப்படும் முன்பே, என்ன நேருமென்று எவர்க்கும் தெரியாத அந்நேரத்திலேயே, ஒரு செயல் தக்கதா தகாததா என்று சொல்ல இயல வேண்டும்.

அதற்கு முதற்கண், மக்கள் ஒன்றாகக் கலந்து பேசும் இரண்டைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பயிற்சிக் குறைவு வேறு. ஆறாத காயம் வேறு.

பயிற்சிக் குறைவுக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1982 பிப்ரவரியில் நடைபெற்ற ஹவாய் அயர்ன்மேன் போட்டியில் ஜூலி மாஸ் என்னும் 23 வயதுக் கல்லூரி மாணவி கலந்துகொண்டார். உடற்கல்வி பயின்ற அவர், தம் இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரைக்குச் செய்தி திரட்டுவதற்காகவே இப்போட்டியில் சேர்ந்தார். இத்துணை நெடிய போட்டிக்கு வேண்டிய அளவு அவர் பயின்றிருக்கவில்லை. ஆயினும் எவரும் எதிர்பாராத வகையில் பெண்களில் முதலாவதாக ஓடிவந்தார். முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரியும் தொலைவில் கால்கள் அவரைக் கைவிட்டன. விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். சில அடிகளே எஞ்சியிருந்தபோது காத்லீன் மெக்கார்ட்னி என்பவர் அவரைக் கடந்து சென்று முதலிடம் பெற்றார். மாஸ் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்து கோட்டைத் தொட்டார். இருவர்க்கும் இடைவெளி 29 வினாடி. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அக்காட்சியைக் கண்ட பல்லாயிரவர் உள்ளம் உருகினர்; இவ்விளையாட்டை உலகறியச் செய்ததே அத்தவழல்தான் என்பர். முதலில் வந்தவரின் பெயர் பலருக்குத் தெரியாது.

கைப்பேசியில் அப்பழைய படத்தை நாமும் பார்த்தோம். கண்கலங்கவில்லை என்று சொல்வது பொய்யாகும். எனினும் பார்த்து முடித்தபின் எழும் வினாவை அடக்க முடியவில்லை. நாம் போற்றுவது எதை? அப்பெண் தவழ்ந்தே முடிப்பேன் என்று எண்ணிப் புறப்படவில்லை. பதினொரு மணி நேரம் ஒழுங்காக உழைத்தார், உடலில் சேமித்திருந்த மாச்சத்தும் நீரும் தீர்ந்தன, கால்கள் மடங்கின. இது பயிற்சி போதாமையால் வரும் இயல்பான விளைவு. ஓய்வும் உணவும் கிடைத்தால் இத்தகைய சோர்வு பெரும்பாலும் சில நாட்களில் நீங்கும். அவரிடம் குறை சொல்ல நமக்கு ஒன்றும் இல்லை. அவரைப் பார்த்துப் பாடம் கற்றதாக எண்ணியவர்கள்தாம் பாடத்தைத் தலைகீழாகப் படித்தனர். நெடுந்தொலைவு நன்றாக ஓடியதன் கடைசியில் வந்த தவழல் அது. அதையே தனியாக வெட்டி எடுத்து, தவழ்வதே பெருமை என்று கொண்டனர்.

ஆசிரியப் பயிற்சி பெற்று நெடுங்காலம் வகுப்பறையில் நின்ற நமக்கு, பயிற்சிக் குறைவு என்றதும் தேர்வறை நினைவுக்கு வருகிறது. பாதிப் பாடமே படித்த மாணவன் தேர்வுக்கு வரலாமா? வரலாம், வரத்தான் வேண்டும். வராமல் ஒளிந்துகொண்டவனைவிட, வந்து முப்பத்தெட்டு மதிப்பெண் வாங்கியவன் எத்தனையோ மேல். தனக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை அவன் அன்று அறிந்துகொள்கிறான். டிரையத்லானிலும் இதற்கு இடம் இருக்கிறது. அயர்ன்மேன் போட்டியை முடிக்கப் பொதுவாக 17 மணி நேரம் வரை தருகின்றனர். முதல் வீரர் எட்டு மணி நேரத்தில் முடித்து, குளித்து, உண்டு, உறங்கி எழுந்தபின்னும் கடைசி மனிதர் வந்துகொண்டிருப்பார். பயிற்சி குறைந்தவர் தம் குறையை நேர்மையாக ஏற்றுக்கொள்ளும் வழி மெதுவாகச் செல்வது. நடப்பது. கடைசியாக வருவதற்கு நாணாதிருப்பது. இவ்வளவுக்கு மனம் ஒப்பினால், போதிய பயிற்சியின்றி இறங்குவதில் நாம் பெரிய குற்றம் காண மாட்டோம்.

ஆயினும் நீச்சலை மட்டும் இதில் சேர்க்கக்கூடாது. சாலையில் களைத்தவர் ஓரமாக உட்காரலாம்; நடுக்கடலில் எங்கே உட்காருவது? அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் நிகழ்ந்த திடீர் மரணம், இதயத்துடிப்பு நின்றுபோதல், விபத்து மரணம் ஆகியவற்றை ஆராய்ந்து 2017 ஆம் ஆண்டு மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அத்தகைய 135 நிகழ்ச்சிகளில் 90 நீச்சலின்போதே நேர்ந்தவை. கலந்துகொண்டோர் தொகையை நோக்க இது இலட்சம் பேருக்கு இருவர்க்கும் குறைவேயாதலின் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. எனினும் ஓடத் தெரியாதவர் மெதுவாக நடப்பதும், நீந்தத் தெரியாதவர் மெதுவாக நீந்துவதும் ஒன்றாகா. இதனைப் பயிற்றுநர்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது நம் கருத்து.

இனிக் காயத்திற்கு வருவோம். இங்கேதான் செய்தி மாறுகிறது.

பயிற்சிக் குறைவை நேரத்தால் ஈடுசெய்யலாம். ஆறாத எலும்பை மெதுவாகச் செல்வதால் ஈடுசெய்ய இயலாது. நாற்பதாயிரம் காலடியை விரைவாக வைத்தாலும் மெதுவாக வைத்தாலும் நாற்பதாயிரம் முறை அவ்வெலும்பு அடி வாங்குகிறது. இன்னொன்றும் உண்டு. வலி நீங்குவதும் புண் ஆறுவதும் ஒரே நாளில் நிகழ்வன அல்ல. வலி முன்னே போய்விடும். ஆறுதல் பின்னே மெல்ல வரும். இடைப்பட்ட அவ்வாரங்களே பெருந்தீங்கு விளையும் காலம். "இப்போது வலியே இல்லை" என்று மகிழ்ந்து ஓடத் தொடங்குபவர் பலர் அவ்வாரங்களில்தான் மீண்டும் முறித்துக்கொள்கின்றனர்.

எலும்பு என்பது சுவர்போல் அசையாத பொருளன்று. நாள்தோறும் பழுது பார்க்கப்படும் உயிருள்ள பொருள். புதிய சுமை வந்தால் உடல் அங்கே பழைய எலும்பைச் சிறிது கரைத்துவிட்டு, அவ்விடத்தில் உறுதியான புது எலும்பைக் கட்டுகிறது. கரைக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டும் வேலைக்குச் சில மாதங்கள் ஆகும். பழைய ஓட்டைப் பிரித்துவிட்டுப் புது ஓடு வேயுமுன் மழை வந்தால் வீடு என்னாகும்? ஓட்டத் தொலைவைத் திடீரெனக் கூட்டுபவர்களின் கணைக்கால் எலும்பில் மயிரிழை விரிசல் தோன்றுவது இவ்வாறே. நெஞ்சும் நுரையீரலும் சில வாரப் பயிற்சியிலேயே வலுப்பெற்றுவிடுவதால், ஓடுபவர் தாம் முழுதும் ஆயத்தமாகிவிட்டதாக எண்ணிக்கொள்கிறார். எலும்புக்கும் தசைநாணுக்கும் அச்செய்தி இன்னும் போய்ச்சேரவில்லை. தசைநாணுக்குச் செல்லும் குருதியோ மிகக் குறைவு. அது ஆறுவதும் அதற்கேற்பவே மெதுவு.

வலிநிவாரணி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடலாமே என்பாரும் உளர். வலியை அடக்குவது காவற்காரன் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும். திருடன் போய்விட்டான் என்பது அதனால் பெறப்படாது. மேலும், பல மணி நேரம் வியர்வை சிந்தி ஓடும்போது அம்மாத்திரைகளில் சில சிறுநீரகத்திற்குத் தீங்கு செய்யக்கூடும் என்று மருத்துவர்கள் எச்சரித்துள்ளனர்.

ஒரே வீரர் இவ்விரண்டையும் பிரித்தறிந்து நடந்ததற்குச் சான்று உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த யான் ஃபிரோடேனோ 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஹவாயில் உலக வாகையர். 2017 ஆம் ஆண்டுப் போட்டியில் ஓட்டத்தின்போது அவர் முதுகு பிடித்துக்கொண்டது. வெற்றி கைநழுவியது உறுதியாயிற்று. பெரிய வீரர்கள் இத்தகைய வேளையில் விலகிக்கொள்வது வழக்கம். தோல்வியைப் பிறர் காணாமல் மறைக்க அது எளிய வழி. அவரோ நின்றும் நடந்தும் சென்று, 9 மணி நேரத்திற்கு மேலாக்கி, எத்தனையோ பேருக்குப் பின்னால் வந்து முடித்தார். மறு ஆண்டு, 2018 இல், போட்டிக்குச் சில வாரங்களே இருந்தபோது இடுப்பெலும்பில் விரிசல் இருப்பது தெரியவந்தது. அவ்வாண்டு அவர் இறங்கவேயில்லை. முதுகுப் பிடிப்புடன் நடந்து முடித்தவர், எலும்பு விரிசலுடன் புறப்பட மறுத்தார். முன்னதில் அவர் இழந்தது பெருமை மட்டுமே. பின்னதில் இழக்க நேர்ந்திருப்பது உடல். 2019 இல் அவர் 7 மணி 51 நிமிடம் 13 வினாடியில் முடித்து மீண்டும் வாகை சூடினார் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஆனால் அவ்வெற்றி கிடைக்காமலே போயிருந்தாலும் 2018 இல் அவர் செய்தது சரியே.

ஆங்கிலேயரான டிம் டான் என்பவரைப் பற்றியும் ஒரு சொல். 2017 அக்டோபரில், ஹவாய்ப் போட்டிக்குச் சில நாட்களே இருக்கையில், அங்கே மிதிவண்டிப் பயிற்சியின்போது வண்டி ஒன்று மோதி அவர் கழுத்தெலும்பு முறிந்தது. மண்டையோட்டில் திருகாணிகளை முடுக்கி, இரும்பு வளையம் ஒன்றைத் தலையைச் சுற்றிப் பொருத்தி, மூன்று திங்கள் கழுத்தை அசையவிடாமல் வைத்தனர். 2018 ஏப்ரலில் அவர் பாஸ்டன் மாரத்தானை மூன்று மணி நேரத்திற்குள் ஓடி முடித்தார். "கழுத்து முறிந்தவரே ஓடினார், உன் கால் வலி என்ன பெரிது?" என்று இளைஞர்கள் ஒருவரையொருவர் தூண்டிக்கொள்வதைக் கேட்டிருக்கிறோம். அந்த மூன்று திங்களை அவர்கள் எண்ணுவதேயில்லை. படுக்கையில் மல்லாந்து படுக்கவும் இயலாமல், உட்கார்ந்தபடியே உறக்கத்தை எதிர்நோக்கிய இரவுகளின் பொறுமை எவர் கண்ணிலும் படவில்லை. ஓடிய மூன்று மணி நேரமே படுகிறது. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அலிஸ்டர் பிரவுன்லீயும் அவ்வாண்டின் தொடக்கத்தில் குதிகால் தசைநாண் கிழிந்து, பருவத்தின் முதற்போட்டிகளை எல்லாம் விட்டுவிட்டு, ஜூன் மாதத்தில்தான் களத்திற்குத் திரும்பினார்.

நம் அறநூல்கள் இதுபற்றி என்ன சொல்லும் என்று கேட்பவர்க்காக ஒன்று. தத்துவார்த்த சூத்திரம் தீர்த்தங்கர நிலைக்குக் காரணமாகும் 16 பாவனைகளை எண்ணுமிடத்து, தியாகத்திற்கும் தவத்திற்கும் மட்டும் 'ஆற்றலுக்கேற்ப' என்னும் அடைமொழியைச் சேர்க்கிறது. ஆற்றல் இருக்க ஒளிப்பது எவ்வாறு தவறோ, இல்லாத ஆற்றலை இருப்பதாகக் காட்டுவதும் அவ்வாறே தவறாகும் என்று நாம் பொருள் கொள்கிறோம். ஓட்டப்பந்தயம் தவமன்று, அதனைத் தவமாக்கிப் பேசுவதில் நமக்கு உடன்பாடும் இல்லை. ஆயினும் தவத்திற்கே அளவு கூறியவர்கள் பந்தயத்திற்கு அளவு வேண்டாம் என்றிருப்பார்களா?

"என் உடல், என் விருப்பம்" என்பதும் முழு உண்மையன்று. ஒருவர் கால் முறிந்தால் படுக்கையருகே உணவு கொண்டுவருபவர் வேறொருவர். கடலில் மூழ்குபவரைக் காக்கப் படகில் காத்திருப்பவரும் ஒருவரே. இங்கே அவர் கை நீளும்போது வேறொருவர்க்கு அக்கை கிட்டாமல் போகலாம். 2016 ஆம் ஆண்டு மெக்சிகோவின் கோசுமெல் தீவில் நடந்த உலகத் தொடரின் இறுதிப் போட்டியில், முதலாவதாக ஓடிவந்த ஜானதன் பிரவுன்லீ வெப்பம் தாளாமல் முடிவுக்கு அருகே தள்ளாடி நின்றுவிட்டார். பின்னே வந்த அவர் தமையன் அலிஸ்டர், தம் வெற்றி வாய்ப்பைக் கைவிட்டுத் தம்பியைத் தோளில் தாங்கி இழுத்துவந்து கோட்டுக்குள் முன்னே தள்ளிவிட்டார். உடன்பிறப்பின் அன்பு என்று உலகம் கொண்டாடியது, நாமும் கொண்டாடுகிறோம். ஆனால் அந்நிலையில் தம்பிக்குத் தாம் நிற்பது எங்கே என்றுகூடத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. களைப்பும் வெப்பமும் மிகும்போது முதலில் தளர்வது தீர்மானிக்கும் அறிவு. "முடியாவிட்டால் அப்போது நிறுத்திக்கொள்வேன்" என்று சொல்லிப் புறப்படுபவர், தம் அறிவு மிகத் தாழ்ந்திருக்கும் நேரத்திடம் மிகப் பெரிய முடிவை ஒப்படைக்கிறார். நிறுத்துமிடத்தை வீட்டில் அமைதியாக அமர்ந்திருக்கும்போதே குறித்து, மருத்துவரிடமும் வீட்டாரிடமும் சொல்லி, அதன்பின் புறப்படுவதே முறை. குறித்த இடம் வந்ததும் "இன்று உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று மனம் வாதாடும். அவ்வாதத்தைக் கேட்கக்கூடாது.

இவ்வளவும் எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணமுண்டு. நம்மிடம் எட்டாம் வகுப்புப் பயின்ற பெண்மணி ஒருவர், இன்று நாற்பதைக் கடந்தவர், கடிதம் எழுதியிருந்தார். அவர் தந்தையார் தபால்காரர். மிதிவண்டியிலேயே ஊர் ஊராகச் சென்று கடிதம் கொடுத்து மூன்று பெண்களைப் படிக்கவைத்தவர். அவர் மறைந்த ஆண்டில், தந்தையின் நினைவாக ஒரு டிரையத்லானை முடிப்பதென்று மகள் உறுதிபூண்டார். கோவாவில் 2019 ஆம் ஆண்டு முதன்முறையாக நடத்தப்பட்ட அரை அயர்ன்மேன் போட்டி இருக்கிறதே, பின்னர் ஓர் ஆண்டு அதற்குப் பெயர் கொடுத்தார். 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. மிதிவண்டி, 21.1 கி.மீ. ஓட்டம். பயிற்சியை அவசரமாகக் கூட்டியதில் கணைக்கால் எலும்பில் விரிசல் விழுந்தது. எட்டு வாரம் ஓடக்கூடாது என்றார் மருத்துவர். நீந்தவும் மிதிவண்டி ஓட்டவும் தடையில்லை என்றார். போட்டி நாளன்று ஐந்து வாரமே ஆகியிருக்கும். "இப்போது வலி இல்லை. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு. போகட்டுமா டீச்சர்?" என்று கேட்டிருந்தார்.

நினைவுக்காக ஓடுபவர்க்கு விடை சொல்வது கடினம். புகழுக்காகவோ பந்தயம் கட்டியோ ஓடுபவரை "வேண்டாம்" என்று சொல்லித் தடுக்கலாம். இவரிடம் அச்சொல், தந்தையை மறந்துவிடு என்பதுபோல் ஒலிக்கும். கட்டிய பணம் வீணாகும் என்ற கவலை அவர் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பலர்க்கு அதுவே பெரிய காரணமாக இருக்கும். ஒரு நாள் முழுவதும் எண்ணிப் பார்த்துவிட்டு, விடை எழுதாமல் வினாக்களையே எழுதி அனுப்பினோம். அப்பா ஓடியதை நீ பார்த்திருக்கிறாயா? இறந்தவர்க்குக் கொடுத்த வாக்கில் தேதி இருந்ததா, அல்லது தேதியைப் போட்டி நடத்துபவர்கள் போட்டார்களா? கால் மறுபடி முறிந்தால் வீட்டில் யார் சமைப்பது, பையனைப் பள்ளிக்கு யார் அழைத்துச் செல்வது என்று கணவரிடம் கேட்டாயா? மருத்துவர் சொன்ன எட்டு வாரத்தை ஐந்தாகக் குறைத்தது யார்?

இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் பேசினார். நீச்சலும் மிதிவண்டியும் மட்டும் செய்வதென்றும், ஓட்டம் தொடங்குமிடத்தில் நின்றுவிடுவதென்றும் முடிவு செய்து மருத்துவரிடமும் சொல்லிவிட்டதாகக் கூறினார். தொடங்கும்போதே முடிக்கப்போவதில்லை என்று தெரிந்து இறங்குவது நேர்மையா என்ற ஐயமும் அவர்க்கு இருந்தது. எவரையும் ஏமாற்றாதபோது அதில் என்ன நேர்மைக் குறைவு என்றோம். இதற்கு வேறு கருத்துடைய வாசகர்கள் எழுதினால் மகிழ்வோம். நமக்கே இது முழுதும் தெளிந்த செய்தியன்று.

அப்படியே செய்தார். 90 கி.மீ. முடித்து வந்து, மிதிவண்டியை அதற்குரிய சட்டத்தில் மாட்டிவிட்டு, கணுக்காலில் கட்டியிருந்த நேரம் காட்டும் பட்டையை அவிழ்த்து அங்கிருந்த அலுவலரிடம் கொடுத்தாராம். பக்கத்தில் எல்லாரும் ஓட்டக் காலணி மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, தாம் மட்டும் உட்கார்ந்திருந்த அந்தக் கால் மணி நேரம்தான் அன்றைய நாளில் மிகக் கடினமாக இருந்தது என்றார். முடிவுப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே முடிக்கவில்லை என்று போட்டிருந்தது. பையன் அதைப் படித்துவிட்டு ஏன் என்று கேட்டானாம், காலைக் காட்டினாராம்.

மிதிவண்டியில் அந்த 90 கி.மீ. எப்படி இருந்தது என்று நாம் எழுதிக் கேட்டோம். நான்கு பக்கம் விடை வந்திருக்கிறது. முதல் அரைப் பக்கம் எதிர்க்காற்றைப் பற்றியது. எஞ்சியவை எல்லாம் அப்பாவைப் பற்றியவை.